கொல்லியும் குறிநிரலும்: பிறர் வலைப்பக்கத்துள் நம் நிரலை இயக்கும் முறையின் வரலாறு

இராசிபுரம், சேந்தமங்கலம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சமவெளியில் வாழ்வார்க்குக் கீழ்த்திசையில் எப்பொழுதும் தோன்றி நிற்பது கொல்லிமலை. சங்கச் சான்றோர் அம்மலையை அதன் தலைவன் வல்வில் ஓரியோடும், ஆங்குத் தெய்வம் எழுதியதாகக் கூறப்படும் பாவையோடும் சேர்த்துப் பல இடங்களிற் பாடியுள்ளனர். எப்புலவர் எவ்விடத்தில் எவ்வடையோடு கொல்லியைக் குறித்தார் என்று தொகுத்துக் காண்பது கொங்கு நாட்டின் பழைய வரலாற்றை ஆராய்வார்க்கு முதற்கண் வேண்டப்படுவதாகும். முன்னர் இத்தொகுப்புக்குச் சொல்லடைவுகளும் கைக்குறிப்புகளும் பயன்பட்டன. இன்று மாணவர் வலைப்பக்கங்களை நாடுகின்றனர். அவற்றைக் கண்ணாற் படிப்பதும் குறைந்து வருகின்றது. உலாவியைத் தானே இயங்குமாறு ஏவி, திறந்த பக்கத்துள் தாம் எழுதிய நிரலைப் புகுத்தி, வேண்டிய சொல்லை எடுத்து வருமாறு செய்கின்றனர்.

நம் முதுகலை மாணவர் ஒருவர் இம்முறையில் தொகுத்த பட்டியல் ஒன்று அண்மையில் நம் பார்வைக்கு வந்தது. அதில் குறுந்தொகையின் 100ஆம் பாடல் இல்லை. ஓரியும் கொல்லியும் பாவையும் ஒருங்கே வரும் கபிலர் பாட்டு அது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்த செய்தியைக் கூறும் கல்லாடனார் பாட்டாகிய அகநானூறு 209உம் இல்லை. இவ்விரண்டும் இல்லாத கொல்லிப் பட்டியல், தலைமகன் இல்லாத திருமண ஓலை போன்றது. ஆயினும் பட்டியல் வெறுமையாக இல்லை; மேலோட்டமாக நோக்குவார் ஐயுறாத அளவிற்கு நிறைந்தே இருந்தது. இல்லாதது ஏன் இல்லை, இருப்பது எங்கிருந்து வந்தது என்னும் இரு வினாவையும் ஆராயப் புகுந்தமையே இக்கட்டுரைக்குக் காரணம். விடை காண்பதற்கு, இம்முறை தோன்றி வளர்ந்த வரலாற்றையும் அது தொழிற்படும் வகையையும் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

வலைப்பக்கம் தோன்றியபொழுது அசையா ஏடாகவே தோன்றியது. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வலையமைப்பை முன்மொழிந்து, 1990ஆம் ஆண்டின் இறுதியில் முதல் உலாவியை இயக்கிக் காட்டினார். அப்பக்கங்கள் படிப்பதற்கு மட்டும் உரியன. 1995 மே திங்களில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணிபுரிந்த பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் ஒரு சிறு மொழியை வகுத்தார். மோக்கா என்றும் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் வழங்கிய அம்மொழி அவ்வாண்டு முடிவதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயர் நிலைபெற்றது. அதன் வரவால் பக்கத்தோடு சேர்ந்து நிரலும் படிப்பவரின் கணிப்பொறிக்கு வந்து, அங்கேயே இயங்கலாயிற்று. 1998இல், பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பையும் வேரும் கிளையுமாகிய மரம் போல் வைத்து நிரல் தொடுவதற்குரிய பொது வரையறை வெளிவந்தது. பாட்டு ஒரு கிளை, அதன் அடி ஒரு சிறுகிளை, அடியிலுள்ள எழுத்துத் தொடர் இலை என்று கொள்ளலாம்.

பக்கத்தை ஆக்கியவர் எழுதிய நிரல் மட்டுமே அதனுள் இயங்கும் என்னும் நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. பிடித்த பக்கங்களின் முகவரியைக் குறித்து வைக்கும் இடத்தில், முகவரிக்கு மாறாக ஒரு வரி நிரலை எழுதி வைத்து, பிறர் பக்கம் திறந்திருக்கும்பொழுது அதனை அழுத்தி இயக்கும் வழக்கம் 1990களின் பிற்பகுதியிலேயே எழுந்தது. 2005இல் ஆரன் பூட்மன் என்பார் பயர்பாக்ஸ் உலாவிக்கு ஆக்கிய கிரீஸ்மங்கி என்னும் துணைநிரல் அவ்வழக்கத்தை நிலைப்படுத்தியது. குறித்த பக்கம் திறக்கும்பொழுதெல்லாம் படிப்பவர் எழுதிவைத்த நிரல் தானே அதனுள் இயங்கும். இது படிப்பவர் வழி.

மற்றொரு வழி சோதனை செய்வாரிடமிருந்து வந்தது. 2004இல் சிகாகோ நகரில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜேசன் ஹக்கின்ஸ், அங்கு ஆக்கிய வலைப்பயன்பாடு ஒன்றை மீண்டும் மீண்டும் கையாற் சோதிக்கும் அலுப்பினின்று விடுபட ஒரு கருவி செய்தார். அதன் பெயர் செலினியம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்பர். மெர்க்குரி என்னும் போட்டி நிறுவனத்தைக் குறித்த சிலேடை அது. பெயரிடுவதில் நம் புலவர்க்கு அவர்கள் இளைத்தவர் அல்லர். அக்கருவியின் முதல் வடிவம் முழுவதும் பக்கத்துள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே. அதனால் ஓர் இடர் நேர்ந்தது. ஒரு தளத்தினின்று வந்த நிரல் பிறிதொரு தளத்தின் பக்கத்தைத் தொடலாகாது என்னும் காவல் விதி நெட்ஸ்கேப் காலத்திலேயே ஏற்பட்டிருந்தது. சோதிக்கும் நிரலைச் சோதிக்கப்படும் தளத்திலேயே வைத்தாலன்றி வேலை நடவாது. இடையில் ஒரு வாயிலோனை நிறுத்தி இரண்டும் ஒரே தளத்தினின்று வருவனபோல் உலாவிக்குக் காட்டும் ஏற்பாடு பின்னர் வந்தது. சைமன் ஸ்டூவர்ட் வகுத்த வெப்டிரைவர் முறை, உலாவியைப் புறத்தே நின்று ஏவுவது. இவ்விரு முறையும் இணைந்த செலினியத்தின் இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது. 2018 ஜூன் திங்களில் வெப்டிரைவர் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக ஏற்கப்பெற்றது. 2017இல் கூகுள் வெளியிட்ட பப்பட்டியரும், 2020இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பிளேரைட்டும் இவ்வழியில் வந்த பிற கருவிகள். புறத்தே நின்று ஏவினாலும் அகத்தே ஒரு நிரலைப் புகுத்தி இயக்கும் வாயில் இவை அனைத்திலும் வைக்கப்பட்டுள்ளது. நமக்கு வேண்டியது அவ்வாயிலே.

இளம்பிள்ளைப் பகுதியின் தறிக்கூடங்களைக் கண்டவர்க்கு அது எளிதில் விளங்கும். தறியின்மேற் கோத்துத் தொங்கவிடும் துளையிட்ட அட்டைகள்தாம் எவ்விழை எழவேண்டும், எது தாழவேண்டும் என்பதைத் தறிக்குச் சொல்கின்றன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த முறை அது. பிறருடைய தறியில், அவர் ஏற்றிய பாவிலேயே, நம் அட்டையைக் கோத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது போன்றது நாம் கூறும் செயல்.

எனினும் தறி உவமை ஓரிடத்தில் நின்றுவிடும். ஏவும் நிரல் ஓரிடத்தும், பக்கம் வேறோரிடத்தும் வாழ்கின்றன. இரண்டிற்கும் நினைவு வேறு. பப்பட்டியர், பிளேரைட்டு ஆகியவற்றில் நாம் எழுதும் உட்செயல், வெறும் எழுத்துத் தொடராக மாற்றப்பட்டு உலாவிக்கு அனுப்பப்படுகிறது. அங்கே மீண்டும் நிரலாக உயிர்பெற்று இயங்குகிறது. கண்டதை எழுத்தாகவும் எண்ணாகவும் திருப்பி அனுப்புகிறது. இதனைத் தூது என்பதே பொருந்தும். அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூற்று 95ஆம் பாடல் காட்டுகிறது. தூது செல்வார் சொல்லிவிட்டதை எடுத்துச் செல்வர். கண்டதைச் சொல்லாகக் கொண்டு வருவர். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலையே தூக்கி வருவதில்லை. அவ்வாறே பக்கத்தின் ஓர் உறுப்பை நேரே வெளிக்கொணர இயலாது. செலினியத்தில் உறுப்பைக் கேட்டால் அதனைச் சுட்டும் அடையாளச் சீட்டே கிடைக்கும். இதன் மறுதலையும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஏவுவோன் மனத்தில் உள்ளவை தூதுக்குத் தாமே தெரியா. நம் மாணவர் பாடல் எண்களின் வரிசையை வெளி நிரலில் வைத்திருந்தார். உள்நிரல் அப்படியொன்று வரையறுக்கப்படவில்லை என்று கூறி முதல் நாள் முழுதும் நின்றுவிட்டது. வரிசையை உடன் கொடுத்து அனுப்பிய பின்னரே நடந்தது. இது வெளிப்படையான பிழை, ஆதலின் தீங்கற்றது. பட்டியலைக் கெடுத்தவை வெளிப்படாத பிழைகள்.

அவற்றுள் முதலாவது கொல்லி என்னும் சொல்லின் முதலெழுத்திலேயே உள்ளது. 'கொ' என்பதை எழுதுவோர் ஒற்றைக்கொம்பை முதலிலும், ககரத்தை இடையிலும், காலை இறுதியிலும் இடுகின்றனர். தமிழ்த் தட்டச்சுப் பொறியும் அம்முறையையே பின்பற்றியது. இணையத்தின் தொடக்க காலத்தில் தமிழுக்கு வழங்கிய திஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பெற்ற டாப், டாம் ஆகிய குறியேற்றங்களும் கண்ணுக்குத் தோன்றும் வடிவத்தையே வரிசையாகக் குறித்தன. ஒருங்குறி அவ்வாறன்று. 1988ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பைத் தழுவி 1991இலேயே தமிழுக்கு இடம் வகுத்த ஒருங்குறி, ஒலிப்பு முறையைப் பின்பற்றி, ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அதன் பின்னும் வைக்கின்றது. அவ்வொகரக் குறிக்கு ஒரே இடமும் உண்டு. எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்து அதே உருவத்தைப் பெறவும் இடமுண்டு. இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் விதி. ஆனால் இரண்டும் ஒன்றே என்று கருதுமாறு சொல்லப்படாத நிரல், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறு என்றே முடிவு செய்யும்.

பழைய குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய கருவிகள் சில, கொம்பை ககரத்திற்குப் பின்னே நகர்த்தியதோடு அமைந்துவிட்டன. காலை அதனோடு சேர்த்து ஒன்றாக்கவில்லை. அத்தகைய கருவியொன்றால் மாற்றப்பெற்ற பனுவலைத் தாங்கிய பக்கத்தையே நம் மாணவர் பயன்படுத்தினார். பாட்டில் உள்ள கொல்லி பிரிந்த வடிவினது. மாணவர் தட்டச்சிட்டுத் தேடிய கொல்லி சேர்ந்த வடிவினது. திரையில் இரண்டும் அணுவளவும் வேறுபடா. நிரல் கபிலர் பாட்டைக் கடந்து சென்றது. பரணர் பாட்டையும் கடந்து சென்றது. கொங்கு, கொற்றம், கோடு, போர் என ஒகர ஓகாரம் ஏறிய எச்சொல்லைத் தேடினும் இதுவே நேரும். எல்லாத் தளங்களும் அத்தகையன என்று கொள்ளற்க. சான்றாக, தமிழ் விக்கிமூலத்தை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் பனுவலைச் சேமிக்கும்பொழுதே சேர்ந்த வடிவிற்கு மாற்றிவிடுகின்றது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கு வந்த முன்னோடி. நாம் கூறும் பக்கம் அதனுடையதும் அன்று.

இத்தொல்லை கணிப்பொறியோடு பிறந்தது என்று எண்ணுவார் ஏட்டுச்சுவடியை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஏட்டில் புள்ளி பெரும்பாலும் இல்லை. குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் கொம்பு ஒன்றே. காலுக்கும் ரகரத்திற்கும் உருவம் ஒன்றே. வீரமாமுனிவர் பெயரால் வழங்கும் 18ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே கொகரமும் கோகாரமும் கண்ணுக்கு வேறுபட்டன. அக்காலத்தில் ஓர் உருவத்தைப் பலவாகப் படிக்கும் இடர் இருந்தது. இன்றோ ஓர் உருவம் பலவாக எழுதப்பட்டிருக்கும் இடர் உள்ளது. முன்னதைப் படிப்பவர் தம் புலமையால் தீர்த்தனர். பின்னதைப் படிப்பவர் காணவும் இயலாமையால் தீர்ப்பதற்கே வழியில்லை. நிரல் ஒன்றே அதனைக் காட்டவல்லது.

தீர்வு எளிது. 2015இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்திற் சேர்க்கப்பெற்ற நார்மலைஸ் என்னும் செயல், பிரிந்தவற்றைச் சேர்த்து ஒரே வடிவாக்கும். தேடுமுன் பக்கத்துள் அதனை ஒரு முறை இயக்கினால் போதும். மாணவர் அவ்வாறு செய்தார். குறுந்தொகை 89, 100, அகநானூறு 209, புறநானூறு 158 ஆகியவை உடனே வந்து நின்றன.

அப்படியாயின் முதற்பட்டியலை நிரப்பியிருந்தவை எவை? இரண்டாம் பிழை இங்கே வெளிப்பட்டது. அப்பக்கத்தில் ஒவ்வொரு பாடலின் கீழும் இக்காலத்து உரை ஒன்று மடித்து மறைக்கப்பட்டிருந்தது, அழுத்தினால் விரியும். ஓர் உறுப்பின் எழுத்துகளைக் கேட்பதற்கு உலாவியில் இரு வழிகள் உண்டு. ஒன்று திரையிலே தோன்றுவதை மட்டும் தரும். மற்றொன்று தோன்றுவதும் மறைந்திருப்பதும் ஆகிய அனைத்தையும் தரும். மாணவர் இரண்டாவதைக் கையாண்டிருந்தார். உரையோ பிற்காலத்தில் நேரே ஒருங்குறியில் தட்டச்சிடப்பட்டமையால் அதில் கொல்லி சேர்ந்த வடிவில் இருந்தது. ஆகவே நிரல் கண்டவை முழுதும் உரைகாரர் கொல்லிகளே. குடவரை என்றோ பொறையன் மலை என்றோ பாட்டு கூறும் இடங்களில் உரைகாரர் விளக்கமாகக் கொல்லி என்று எழுதியிருந்தார். அவையெல்லாம் சங்கப் புலவர் வாக்காகப் பட்டியலில் ஏறிவிட்டன. பாட்டிலே சொல் இருந்தும் உரைகாரர் அம்மலை என்று சுட்டிச் சென்ற இடங்கள் விடுபட்டன. மிகையும் குறையும் ஒன்றையொன்று மறைத்தன. சங்க காலத்துக் கொல்லியைப் பற்றிய முடிவொன்று இக்காலத்து உரைகாரர் ஒருவரின் சொல்வழக்கின்மேல் எழவிருந்தது. மூலமும் உரையும் கலந்த ஏடுகளைப் பிரித்தெடுக்கப் பதிப்பாசிரியர் பட்ட பாட்டை அறிந்தவர் இதன் கொடுமையை உணர்வர்.

இனி, பிறர் பக்கத்துள் நிரலைப் புகுத்துவது இடைச்செருகல் ஆகாதா என்று வினவலாம். ஆகாது என்பதே நம் கருத்து. புகுத்திய நிரல் தொடுவது நம் கணிப்பொறிக்கு வந்த படியை மட்டுமே. மூலம் அதன் தளத்தில் மாறாதிருக்கிறது. பக்கத்தை மீண்டும் திறந்தால் நாம் செய்த மாற்றம் சுவடின்றி மறையும். தளத்தார் விரும்பாத நிரல்களைத் தடுக்கும் காப்பு நெறியைப் பக்கத்தோடு அனுப்பவும் வழியுண்டு. தானியங்கும் உலாவி இடைவெளியின்றிப் பக்கங்களைக் கேட்டு அத்தளத்திற்குச் சுமையாவது வேறு குற்றம். அதற்கு இசைவு பெறுதலும் இடைவெளி விடுதலும் கடன். இடைச்செருகல் நிகழும் இடம் பக்கம் அன்று, ஆய்வேடு. பக்கத்துள் மாற்றியதைச் சொல்லாமல், பக்கத்தில் உள்ளவாறு என்று ஏட்டில் எழுதும்பொழுதுதான் அது நிகழ்கிறது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் தாம் கொண்ட பாடத்தை மேலேயும் பிரதிபேதத்தை அடிக்குறிப்பிலும் காட்டினார். பக்கத்துள் இயக்கிய நிரலையும், இயக்கிய நாளையும், இயக்குமுன் இருந்த எழுத்து வடிவையும் பட்டியலோடு தருவது அம்முறையின் நீட்சியேயாகும். ஆய்வேடுகளில் இது வேண்டற்பாலது என்று நாம் கருதுகிறோம்.

எல்லாவற்றையும் நார்மலைஸ் தீர்த்துவிடும் என்று கருதவும் கூடாது. ஔகாரம் அதற்கு அடங்காது. ஔ என்னும் எழுத்தை ஒகரத்தை அடுத்து ளகரம் இட்டு எழுதும் வழக்கம் வலைப்பக்கங்களில் மிகுதி. அவ்வாறே கௌவை என்பது 'கெளவை' என்று, எகரக் குறியும் ளகரமுமாக நிற்கும். ஒருங்குறி விதிப்படி இவை ஒன்றல்ல. ளகரம் உண்மையான ளகரமாகவே இருக்கக்கூடும் ஆதலின் அவ்விதி சரியானதே. ஒருங்குறியில் ஔகார நீட்சிக்கு வேறு தனிக்குறி உண்டு. அதனைக் கொண்டு எழுதியதை மட்டுமே நார்மலைஸ் சேர்க்கும். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையாரின் பெயரே இக்காரணத்தால் ஒரே தளத்தில் இரு வடிவிலும், அவ்வை என்னும் மூன்றாம் வடிவிலும் கிடக்கின்றது. தகடூரைப் பற்றி ஆராய்வார் ஒரு வடிவை மட்டும் தேடினால் அவர் பாடல்களிற் பலவற்றை இழப்பர். இங்கே நிரல் ஐயமுள்ள இடங்களைச் சுட்டிக்காட்டலாம். ஔகாரமோ ளகரமோ என்று துணிய வேண்டியவர் தமிழ் கற்றவர்.

ஓரியைத் தேடியபொழுது நேர்ந்ததும் அத்தகையதே. அப்பெயரில் ஒகரக் குறி இல்லாமையால் குறியேற்ற இடர் எதுவும் இல்லை. நிரல் பிழையின்றி எல்லாவற்றையும் கொண்டு வந்தது. கொண்டு வந்தவற்றுள் ஓரிடம், ஓரிரு என்பனவும் இருந்தன; சிறுபாணாற்றுப்படையில் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றே பெயர்; பறம்பின் வளம் கூறும் புறநானூற்று 109ஆம் பாடலில் ஓரி என்பது முதிர்ந்த தேனின் நிறம். செம்மேட்டிற் சிலையாக நிற்கும் வள்ளலை இவற்றினின்று பிரித்தெடுக்க நம் மாணவர்க்கு ஒரு நாள் மாலை முழுதும் வேண்டியிருந்தது. அவ்வேலைக்கு அவர் நிரல் எழுத முயன்று கைவிட்டார், நாமும் தடுக்கவில்லை.

பட்டியல் இப்பொழுது மூன்று பகுதியாக உள்ளது. பாட்டிலேயே கொல்லி வரும் இடங்கள் ஒருபுறமும், உரையில் மட்டும் வருவன மற்றொருபுறமும், வடிவ வேறுபாட்டால் ஐயத்திற்கு இடமானவை உடுக்குறி பெற்றுத் தனியாகவும் நிற்கின்றன. உடுக்குறி பெற்றவற்றை அச்சுப் பதிப்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடும் பணி அகநானூற்றளவில் முடிந்துள்ளது, நற்றிணை எஞ்சியிருக்கிறது.